பழைய மேசைக்கணினியில் வரைகலை அட்டையை மேம்படுத்தல்

பழைய மேசைக்கணினியில் வரைகலை அட்டையை மேம்படுத்தல் என்பது, சில ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த மேசைக்கணினி ஒன்றின் தாய்ப்பலகை, மையச் செயலி முதலிய முதன்மை உறுப்புகளை மாற்றாமல், அதிலுள்ள வரைகலை அட்டையை அகற்றி வேறொன்றைப் பொருத்துவதைக் குறிக்கும். தனி அட்டை இல்லாத கணினியில் புதிதாக ஓர் அட்டையைச் சேர்ப்பதும் இதில் அடங்கும். பேச்சு வழக்கில் இது கிராபிக்ஸ் கார்டு மாற்றுதல் எனப்படுகிறது.

இவ்வேலைக்குப் பெரும்பாலும் ஒரு திருப்புளி மட்டுமே போதும். அட்டையைத் தெரிவு செய்வதே கடினமான பகுதி ஆகும். புதிய கணினியை அமைக்கும்போது முதலில் அட்டையைத் தெரிவு செய்து, அதற்கேற்ப மற்ற உறுப்புகளை வாங்க இயலும். பழைய கணினியில் வரிசை தலைகீழாகிறது. ஏற்கனவே உள்ள மின்வழங்கி, செருகுவாய், பெட்டி, செயலி, இயங்குதளம் ஆகியனவே எந்த அட்டை பொருந்தும் என்பதை முடிவு செய்கின்றன. இவற்றைப் பார்க்காமல் வாங்கப்படும் அட்டை இயங்காமலோ பாதித் திறனில் இயங்கியோ பணத்தை வீணாக்கும். தரங்குறைந்த மின்வழங்கி உள்ள கணினியில் அது மற்ற உறுப்புகளையும் பழுதாக்கக்கூடும்.

வரைகலை அட்டையின் பணிகள்

திரையில் தோன்றும் படத்தை உருவாக்கி அனுப்புவது வரைகலை அட்டையின் அடிப்படைப் பணி. 1920 × 1080 பிரிதிறன் கொண்ட திரையில் 20,73,600 படவணுக்கள் உள்ளன. நொடிக்கு 60 முறை இவை அனைத்தின் நிறமும் கணக்கிடப்பட வேண்டும். ஒரே வகையான கணக்கைப் பல படவணுக்களுக்கு ஒரே நேரத்தில் செய்வதற்கென வடிவமைக்கப்பட்ட சில்லே வரைகலைச் செயலி ஆகும்.

இன்றைய அட்டைகள் இதனுடன் மேலும் இரண்டு பணிகளைச் செய்கின்றன. முதலாவது, சுருக்கப்பட்ட நிகழ்படக் கோப்புகளை விரித்துக் காட்டுவதும் புதியவற்றைச் சுருக்கிச் சேமிப்பதும் ஆகும். இதற்கென அட்டையில் தனிச் சுற்றுகள் உள்ளன. இரண்டாவது, முப்பரிமாணப் படமாக்கம், செயற்கை நுண்ணறிவு போன்றவற்றுக்கான பொதுக் கணிப்பு. ஓர் அட்டை ஒரு பணியில் சிறந்தும் மற்றொன்றில் பின்தங்கியும் இருக்கலாம். எனவே எப்பணிக்காக மேம்படுத்தப்படுகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இணைப்பு முறைகளின் வரலாறு

1981ல் வெளிவந்த ஐபிஎம் தனிமேசைக் கணினியில் வரைகலை அட்டைகள் பின்னர் ஐஎஸ்ஏ எனப் பெயர்பெற்ற செருகுவாயில் பொருத்தப்பட்டன. 1992ல் இன்டெல் நிறுவனம் பிசிஐ முறையை அறிமுகப்படுத்தியது. இதன் வேகம் நொடிக்கு 133 மெகாபைட்டு. இவ்வேகத்தை ஒலி அட்டை, பிணைய அட்டை முதலிய மற்ற அட்டைகளுடன் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

வரைகலைக்கு மட்டுமேயான ஏஜிபி செருகுவாய் 1997ல் கணினிகளில் வரத் தொடங்கியது. தொடக்கத்தில் நொடிக்கு 266 மெகாபைட்டாக இருந்த அதன் வேகம், 8 மடங்கு வகையில் 2.1 கிகாபைட்டாக உயர்ந்தது. ஏஜிபி அட்டைகளில் 3.3 வோல்ட்டு, 1.5 வோல்ட்டு என இரு வகைகள் உண்டு. தவறான அட்டை நுழையாதிருக்க வெட்டுகளின் இடம் மாற்றி அமைக்கப்பட்டது.

பிசிஐ எக்ஸ்பிரஸ் முறையின் முதல் வரையறை 2003ல் வெளியானது. 2004 முதல் மேசைக்கணினிகளில் அது இடம்பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் ஏஜிபி வழக்கொழிந்தது. ஏஜிபிக்கென வெளிவந்த கடைசி ஆற்றல்மிகு அட்டைகளுள் 2008ல் வந்த ரேடியான் எச்டி 3850 ஒன்றாகும். ஏஜிபி செருகுவாய் மட்டுமே உள்ள கணினியை இன்று மேம்படுத்துவது பழங்கணினிச் சேகரிப்பாளருக்கே பொருள் தரும். இக்கட்டுரையின் மற்ற பகுதிகள் பிசிஐ எக்ஸ்பிரஸ் கணினிகளைப் பற்றியவை.

மேம்படுத்தல் பயன் தருமா?

கணினி மெதுவாக இயங்குவதற்கு எப்போதும் வரைகலை அட்டை காரணமாக இருப்பதில்லை. பயன்பாட்டைப் பொறுத்து விடை மாறும்.

* தட்டச்சு, கணக்குப்பதிவு, இணைய உலாவல், அச்சுக்கோப்பு: இவற்றில் தனி அட்டையால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. 4 கிகாபைட்டு நினைவகமும் சுழலும் வன்தட்டும் உள்ள கணினியில் நினைவகத்தை 8 கிகாபைட்டாக உயர்த்தி, திண்மநிலை வட்டு ஒன்றைப் பொருத்தினால் வேறுபாடு உடனே தெரியும். செலவும் குறைவு.
* நிகழ்படம் பார்த்தல்: யூடியூப் தளம் விபி9, ஏவி1 ஆகிய சுருக்க முறைகளைப் பரவலாகப் பயன்படுத்துகிறது. 2011ல் வந்த இரண்டாம் தலைமுறை இன்டெல் கோர் செயலிகளின் ஒருங்கிணைந்த வரைகலைக்கு இவற்றை விரிக்கும் சுற்று இல்லை. முழு வேலையும் மையச் செயலியின் மேல் விழுவதால் படம் தடைபடுகிறது. விபி9 விரிக்கும் சிறிய அட்டை ஒன்று இதற்குத் தீர்வாகும்.
* நிகழ்படத் தொகுப்பு: திருமணம் முதலிய நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் ஒளிப்பட நிலையங்களில் மேம்படுத்தலின் பயன் அதிகம். ஆயினும் சுருக்கிச் சேமிக்கும் சுற்று அட்டையில் உள்ளதா என்பதை உறுதிசெய்ய வேண்டும். எல்லா அட்டைகளிலும் அது இல்லை.
* விளையாட்டுகள்: பயன் அதிகம், ஆனால் மையச் செயலியின் எல்லைக்குட்பட்டது. சில புதிய விளையாட்டுகளுக்கு ஏவிஎக்ஸ் அல்லது ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் தேவை. இன்டெல் செயலிகளில் முதலாவது 2011லும் இரண்டாவது 2013லும் வந்தன. கோர் 2 டுவோ போன்ற செயலி உள்ள கணினியில் எந்த அட்டையைப் பொருத்தினாலும் அவ்விளையாட்டுகள் தொடங்கா.
* செயற்கை நுண்ணறிவு, முப்பரிமாணப் படமாக்கம்: அட்டையின் நினைவக அளவே இங்கு முதல் எல்லை. பழைய அட்டைகளை இத்துறை மென்பொருள்கள் படிப்படியாகக் கைவிட்டு வருகின்றன.

தடை எங்குள்ளது எனக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. விளையாட்டின் பிரிதிறனைக் குறைத்துப் பார்க்க வேண்டும். நொடிக்கான சட்டகங்களின் எண்ணிக்கை உயர்ந்தால் வரைகலை அட்டையே தடை. உயராவிட்டால் மையச் செயலியே தடையாக உள்ளது. இரண்டாவது நிலையில் புதிய அட்டைக்குச் செலவிடுவது பயன்தராது.

பொருத்தப்பாடு

செருகுவாய்

வரைகலை அட்டைகள் 16 தடங்கள் கொண்ட நீண்ட செருகுவாயில் பொருத்தப்படுகின்றன. பிசிஐ எக்ஸ்பிரஸ் பதிப்புகள் ஒன்றோடொன்று ஒத்தியங்கும். புதிய பதிப்பு அட்டை பழைய பதிப்புச் செருகுவாயில் குறைந்த வேகத்தில் இயங்கும். 16 தடங்களில் ஒரு திசைக்கான வேகம் ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்.

* பதிப்பு 1 (2003): நொடிக்கு 4 கிகாபைட்டு
* பதிப்பு 2 (2007): நொடிக்கு 8 கிகாபைட்டு
* பதிப்பு 3 (2010): நொடிக்கு 16 கிகாபைட்டு
* பதிப்பு 4 (2017): நொடிக்கு 32 கிகாபைட்டு

விலை குறைந்த சில அட்டைகளில் நீண்ட இணைப்பு முனை இருந்தும் 4 தடங்கள் மட்டுமே செயற்படுகின்றன. 2022ல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஆகியன இத்தகையவை. பதிப்பு 4 செருகுவாயில் நொடிக்கு 8 கிகாபைட்டு வேகம் பெறும் இவை, பதிப்பு 3ல் 4 கிகாபைட்டும் பதிப்பு 2ல் 2 கிகாபைட்டும் மட்டுமே பெறும். அட்டையின் 4 கிகாபைட்டு நினைவகம் நிரம்பும்போது இக்குறை வெளிப்படையாகத் தெரியும். புதிய அட்டை எப்போதும் சிறந்தது என்னும் எண்ணம் பழைய கணினிகளுக்குப் பொருந்தாமைக்கு இது நல்ல சான்று.

மின்வழங்கி

எஸ்எம்பிஎஸ் எனப் பரவலாக அழைக்கப்படும் மின்வழங்கியே பழைய கணினிகளில் முதன்மையான வரம்பு ஆகும். முறையான அளவீட்டின்படி செருகுவாய் வழியாக அட்டைக்கு 75 வாட்டு வரை கிடைக்கும். 6 முனை இணைப்பி மேலும் 75 வாட்டும், 8 முனை இணைப்பி 150 வாட்டும் வழங்கும். ஆகவே 8 முனை இணைப்பி ஒன்றுள்ள அட்டைக்கு 225 வாட்டு வரை தேவைப்படலாம்.

மின்வழங்கியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டுள்ள வாட்டு அளவை மட்டும் நம்பக்கூடாது. அது 3.3, 5, 12 வோல்ட்டு ஆகிய தடங்களைச் சேர்த்துக் கூறப்படுவது. வரைகலை அட்டையும் மையச் செயலியும் பெரும்பாலும் 12 வோல்ட்டுத் தடத்திலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. அத்தடத்தின் ஆம்பியர் அளவை 12 ஆல் பெருக்கினால் உண்மையான திறன் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 450 வாட்டு என அச்சிடப்பட்ட மின்வழங்கியின் விவர ஒட்டியில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் எனக் குறிக்கப்பட்டிருந்தால், பயன்படக்கூடியது 192 வாட்டு மட்டுமே.

பல ஆண்டுகள் இயங்கிய மின்வழங்கியில் மின்தேக்கிகளின் திறன் குறைந்திருக்கும். தாய்ப்பலகையில் உள்ள மின்தேக்கிகளின் மேற்புறம் உப்பியிருந்தாலோ கசிவு தெரிந்தாலோ அக்கணினியில் புதிய அட்டைக்குச் செலவிடாமல் இருப்பதே நல்லது. வன்தட்டுக்குரிய 4 முனை இணைப்பியிலிருந்து மாற்றி வடம் மூலம் 8 முனை மின்சாரம் எடுப்பது ஆபத்தானது. மெல்லிய கம்பிகளில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து இணைப்பி உருகக்கூடும்.

மின்வழங்கியின் பெட்டியைத் திறத்தல் கூடாது. 230 வோல்ட்டு மாறுமின்சாரம் உள்ளே 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட நேர்மின்சாரமாக மாற்றப்படுகிறது. இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் அது சிறிது நேரம் தேங்கியிருக்கும்.

பெட்டியின் அளவு

அட்டையின் நீளம், உயரம், தடிமன் ஆகிய மூன்றும் அளந்து பார்க்கப்பட வேண்டும். பல அட்டைகள் இரு செருகுவாய்களின் இடத்தை அடைக்கின்றன. மெலிந்த பெட்டி கொண்ட அலுவலகக் கணினிகளில் அரை உயர அட்டை மட்டுமே நுழையும். அவ்வட்டையுடன் அரை உயரத் தாங்கித் தகடு தரப்படுகிறதா என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். வன்தட்டுக் கூடு, தட்டு வட இணைப்பிகள் ஆகியன அட்டையில் இடிக்காமல் இருப்பதும் தேவை.

பயாசும் யூஇஎஃப்ஐயும்

கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் நிலைநிரல் பழைய கணினிகளில் பயாஸ் ஆகவும் புதியவற்றில் யூஇஎஃப்ஐ ஆகவும் உள்ளது. சில பழைய பயாஸ் பதிப்புகள் புதிய அட்டைகளை அறியாமல் வெற்றுத் திரையுடன் நின்றுவிடும். அட்டை வாங்குமுன் தாய்ப்பலகை உற்பத்தியாளர் வெளியிட்ட கடைசி பயாஸ் பதிப்பை நிறுவுவது நல்லது. இடையில் மின்சாரம் நின்றால் தாய்ப்பலகை பழுதாகலாம் என்பதால், இதை யூபிஎஸ் இணைப்பில் மட்டுமே செய்ய வேண்டும்.

இன்டெல் நிறுவனத்தின் ஆர்க் வகை அட்டைகளுக்கு ரீசைசபிள் பார் என்னும் வசதி தேவை. இன்டெல் இவற்றைத் தன் பத்தாம் தலைமுறைச் செயலிகளுக்கும் அதன் பின் வந்தவற்றுக்கும் பரிந்துரைக்கிறது. அதற்கு முந்தைய கணினிகளில் இவற்றின் வேகம் வெகுவாகக் குறையும்.

இயங்குதளமும் இயக்கியும்

வரைகலை அட்டைக்குரிய இயக்கி மென்பொருள் இன்றி அட்டையின் முழுத் திறன் வெளிப்படாது. 2018க்குப் பின் என்விடியா நிறுவனம் 32 பிட்டு இயங்குதளங்களுக்குப் புதிய இயக்கிகளை வெளியிடுவதில்லை. எனவே பழைய கணினியில் 32 பிட்டு விண்டோஸ் இருந்தால் 64 பிட்டுப் பதிப்புக்கு மாற வேண்டும்.

கெப்லர் வகை அட்டைகளுக்கான என்விடியாவின் வழக்கமான இயக்கி வெளியீடு 2021ல் முடிந்தது. மேக்சுவெல், பாசுக்கல் வகை அட்டைகளுக்கு அது 2025 அக்டோபரில் முடிந்தது. இவ்விரண்டிற்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை அறிவிக்கப்பட்டுள்ளன. ஏஎம்டி நிறுவனம் 2021ல் தன் முதல் மூன்று ஜிசிஎன் தலைமுறைகளுக்கான ஆதரவை நிறுத்தியது. லினக்சில் ஏஎம்டி அட்டைகளுக்கான திறமூல இயக்கி கருவகத்திலேயே இடம்பெற்றுள்ளதால், நிறுவன ஆதரவு முடிந்த பின்னும் அவை தொடர்ந்து இயங்குகின்றன.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 உம் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் செயலியும் தேவை. வரைகலை அட்டையை மாற்றுவதால் இத்தகுதி கிடைக்காது. பழைய கணினிக்குப் பெருந்தொகை செலவிடுமுன் இதனையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

கணினித் திரை

பழைய திரைகள் பலவற்றில் 1987ல் அறிமுகமான விஜிஏ இணைப்பி மட்டுமே உண்டு. 2016ல் வந்த பாசுக்கல் வகை முதல் என்விடியா தன் சில்லுகளில் விஜிஏக்குரிய ஒப்புமைக் குறிப்பலையை நீக்கிவிட்டது. இவ்வட்டைகளின் டிவிஐ இணைப்பியில் முனைகளை மட்டும் மாற்றும் மலிவான மாற்றி வேலை செய்யாது. குறிப்பலையையே மாற்றும் சுற்று அடங்கிய மாற்றியை வாங்க வேண்டும்.

கூடுதல் மின் இணைப்பு தேவைப்படாத சில அட்டைகள்

பழைய கணினிகளுக்குப் பொதுவாகக் கருதப்படும், 75 வாட்டுக்கு உட்பட்ட அட்டைகள் பின்வருமாறு. ஆண்டு வெளியீட்டு ஆண்டைக் குறிக்கும்.

* ஜிடிஎக்ஸ் 750 டிஐ (2014): 60 வாட்டு. மேக்சுவெல் வகை.
* ஜிடிஎக்ஸ் 1050 டிஐ (2016): 75 வாட்டு, 4 கிகாபைட்டு. பாசுக்கல் வகை. சுருக்கிச் சேமிக்கும் சுற்று உண்டு.
* ஜிடி 1030 (2017): 30 வாட்டு, 2 கிகாபைட்டு. விபி9 விரிக்கும். சுருக்கிச் சேமிக்கும் சுற்று இல்லை.
* ஜிடிஎக்ஸ் 1650 (2019): 75 வாட்டு, 4 கிகாபைட்டு. சில உற்பத்தியாளர்கள் 6 முனை இணைப்பி சேர்த்துள்ளனர்.
* ரேடியான் ஆர்எக்ஸ் 6400 (2022): 53 வாட்டு, 4 கிகாபைட்டு. 4 தடங்கள். சுருக்கிச் சேமிக்கும் சுற்றும் ஏவி1 விரிக்கும் சுற்றும் இல்லை.
* ஆர்டிஎக்ஸ் 3050, 6 கிகாபைட்டு வகை (2024): 70 வாட்டு. ஏவி1 விரிக்கும்.

ஜிடி 1030 அட்டை ஒரே பெயரில் இரு வகைகளாக விற்கப்பட்டது. ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்டதன் நினைவக வேகம் நொடிக்கு 48 கிகாபைட்டு. 2018ல் வந்த டிடிஆர்4 வகையின் வேகம் 16.8 கிகாபைட்டு மட்டுமே. பெட்டியின் மேல் சிறிய எழுத்தில் உள்ள இவ்வேறுபாட்டைப் பார்க்காது வாங்குவோர் மூன்றில் ஒரு பங்கு நினைவக வேகத்தையே பெறுவர்.

ஓர் எடுத்துக்காட்டு

அலுவலகங்களில் பயன்பட்டுப் பின் புதுப்பிக்கப்பட்டு விற்கப்படும் கணினிகளுள் 2012ல் வெளிவந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 ஒன்றாகும். இதன் கோபுரப் பெட்டி வகையில் 275 வாட்டு, மெலிந்த வகையில் 240 வாட்டு மின்வழங்கி உள்ளது. கோர் ஐ5 3470 செயலியின் வெப்ப வடிவமைப்பு அளவு 77 வாட்டு. தாய்ப்பலகை, நினைவகம், வன்தட்டு, விசிறிகள் ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 50 வாட்டு எனக் கொண்டால், 75 வாட்டு அட்டையுடன் மொத்தம் 202 வாட்டு ஆகிறது. கோபுர வகையில் இது பாதுகாப்பான அளவு.

இதே கணினியில் 8 முனை இணைப்பி தேவைப்படும் 150 வாட்டு அட்டையைப் பொருத்தினால் மொத்தம் 277 வாட்டு ஆகி வரம்பைத் தாண்டிவிடும். அதற்குரிய இணைப்பியும் அம்மின்வழங்கியில் இல்லை. அடுத்து வந்த 7020, 9020 ஆகிய வகைகளில் பொதுவான 24 முனைக்குப் பதிலாக 8 முனைத் தாய்ப்பலகை இணைப்பி பயன்படுத்தப்பட்டுள்ளதால், கடையில் கிடைக்கும் மின்வழங்கியை நேரடியாக மாற்றவும் இயலாது. ஆகவே இத்தகைய கணினிகளுக்கு 75 வாட்டுக்கு உட்பட்ட அட்டையே ஏற்றது.

பொருத்தும் முறை

1. தேவையான கோப்புகளைப் படியெடுத்து வைத்தல்.
2. பழைய அட்டையின் இயக்கியை நீக்குதல். என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கோ மறுதலையாகவோ மாறும்போது இது மிகவும் தேவையானது.
3. கணினியை நிறுத்தி, மின்வடத்தைக் கழற்றி, தொடக்கப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றுதல்.
4. பெட்டியைத் திறந்து, வண்ணம் பூசப்படாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை நீக்குதல். செயற்கை இழைத் துணிகளின் மேல் வைத்து வேலை செய்தலைத் தவிர்க்க வேண்டும்.
5. பழைய அட்டையின் திருகாணியைக் கழற்றி, செருகுவாயின் முனையில் உள்ள தாழ்ப்பாளை விடுவித்து, அட்டையை நேராக மேலே இழுத்தல். தாழ்ப்பாளை விடுவிக்காது இழுத்தால் செருகுவாய் உடையும்.
6. செருகுவாயில் உள்ள தூசியை மென்தூரிகையால் அகற்றுதல்.
7. புதிய அட்டையை இரு ஓரங்களிலும் சமமாக அழுத்திப் பொருத்துதல். தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்க வேண்டும். பின் திருகாணியை இறுக்குதல்.
8. கூடுதல் மின் இணைப்பி இருந்தால் இணைத்தல்.
9. திரையின் வடத்தைப் புதிய அட்டையில் இணைத்துக் கணினியைத் தொடங்குதல்.
10. உற்பத்தியாளரின் தளத்திலிருந்து இயக்கியைப் பதிவிறக்கி நிறுவுதல். அரை மணி நேரம் பளுவான வேலை கொடுத்து வெப்பநிலையைக் கவனித்தல்.

பொதுவான சிக்கல்கள்

திரையில் எதுவும் தோன்றாமல் போவதற்கு மிகப் பொதுவான காரணம், வடம் இன்னும் தாய்ப்பலகையின் இணைப்பியிலேயே இருப்பதாகும். அடுத்தவை, அட்டை முழுமையாகப் பதியாமை, கூடுதல் மின்சாரம் இணைக்கப்படாமை, பயாஸ் ஒத்தியங்காமை என்பன.

சாதாரண வேலையில் நன்றாக இயங்கி, பளு ஏறும்போது மட்டும் கணினி திடீரென நின்று மீண்டும் தொடங்கினால் மின்வழங்கியை ஐயுற வேண்டும். படத்தில் கோடுகளும் சிதறிய கட்டங்களும் தோன்றினால் அட்டையின் நினைவகம் பழுதாகியிருக்கலாம். வேகம் சிறிது நேரத்தில் படிப்படியாகக் குறைந்தால் வெப்பம் காரணமாகும். பழைய பெட்டிகளில் பின்புற விசிறி இல்லாதிருப்பதும், வெப்ப உறிஞ்சியில் தூசி அடைத்திருப்பதும், வெப்பப் பசை உலர்ந்திருப்பதும் இயல்பு.

தமிழ்நாட்டுச் சூழல்

சந்தை

சென்னை அண்ணா சாலையை அடுத்துள்ள ரிச்சி தெரு, தமிழ்நாட்டில் கணினி உதிரிப்பாகங்களின் முதன்மைச் சந்தை ஆகும். நரசிங்கபுரம் தெரு முதலிய அயல் தெருக்களும் இப்பெயரிலேயே அறியப்படுகின்றன. புதியனவும் பயன்படுத்தியனவும் இங்கு விற்கப்படுகின்றன. மற்ற மாவட்டங்களில் உள்ள கடைகள் பலவும் இங்கிருந்து பொருள் தருவிக்கின்றன.

பயன்படுத்திய அட்டையை வாங்குவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மறைநாணய அகழ்வில் உழைத்த அட்டைகள். எத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று அகழ்வு தேவையற்ற முறைக்கு மாறியதும், இரவுபகலாக இயங்கிய அட்டைகள் பெருமளவில் விற்பனைக்கு வந்தன. இவற்றில் விசிறித் தாங்கிகளும் நினைவகத்தின் வெப்பப் பட்டைகளும் தேய்ந்திருக்கக்கூடும். இரண்டாவது, போலி அட்டைகள். ஜிடிஎஸ் 450 போன்ற மிகப் பழைய அட்டைகளின் நிலைநிரலை மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ எனக் காட்டும்படி செய்து விற்பதுண்டு. ஜிபியூ இசட் என்னும் இலவச மென்பொருள் இவற்றைப் போலி என அடையாளங்காட்டும். கடையிலேயே அட்டையை இயக்கிப் பார்த்து, தொடர் எண் குறிக்கப்பட்ட ரசீதுடன் வாங்குவது பாதுகாப்பானது.

மின்சாரம்

வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யூபிஎஸ் ஏறத்தாழ 360 வாட்டு வரை மட்டுமே தாங்கும். 75 வாட்டு அட்டை சேர்ந்தால் மின்தடையின்போது கிடைக்கும் நேரம் குறையும். 150 வாட்டுக்கு மேற்பட்ட அட்டை சேர்ந்தால், பளுவான வேலையின் நடுவே மின்சாரம் நிற்கும்போது யூபிஎஸ் தாங்காமல் கணினி அணைந்துவிடக்கூடும். எனவே மேம்படுத்தலின் செலவில் யூபிஎஸ்சையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

நிலத்தொடர்பு இல்லாத இணைப்பில் இயங்கும் கணினியின் பெட்டியைத் தொட்டால் இலேசான அதிர்வு உணரப்படும். மின்வழங்கியின் வடிப்பிச் சுற்றிலிருந்து கசியும் சிறு மின்னோட்டமே இதற்குக் காரணம். இந்நிலையில், இயங்கிக்கொண்டிருக்கும்போது திரையின் வடத்தைச் செருகுவதும் பிடுங்குவதும் அட்டையின் வெளியீட்டுச் சுற்றைப் பழுதாக்கலாம். மூன்று முனைச் செருகியும் முறையான நிலத்தொடர்பும் தேவை.

கடலோரப் பகுதிகள்

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலை அடுத்துள்ள ஆத்தூர், காயல்பட்டினம், திருச்செந்தூர் போன்ற தூத்துக்குடி மாவட்ட ஊர்களிலும், உப்பளங்கள் சூழ்ந்த தூத்துக்குடி நகரிலும் காற்றில் உப்புத்துகள் மிகுதி. சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது நீரை ஈர்த்துக் கரைசலாக மாறும் இயல்புடையது. கடலோர இரவுகளிலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் இவ்வளவு எளிதில் எட்டப்படுகிறது. அப்போது அட்டையின் மேல் படிந்த உப்புத்தூசி மின்கடத்தும் மெல்லிய நீர்ப்படலமாகிறது.

அட்டையின் இணைப்பு முனையில் செம்பின் மேல் நிக்கலும் அதன் மேல் மெல்லிய தங்கப் பூச்சும் உள்ளன. பூச்சில் உள்ள நுண்துளைகள் வழியே உப்புநீர் இறங்கிச் செம்பை அரிக்கும்போது தொடர்பு விட்டுவிட்டு அமைகிறது. பழுதுபார்ப்போர் பலர் பென்சில் அழிப்பானால் முனையைத் தேய்ப்பர். உடனடியாகப் பயன் தெரிந்தாலும் ஒவ்வொரு முறையும் தங்கப் பூச்சு தேய்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்ககாலில் நனைத்த பஞ்சற்ற துணியால் துடைப்பதே ஏற்ற முறை.

நெடுநாள் அணைத்து வைக்கப்பட்ட கணினியே அதிகம் அரிக்கப்படுகிறது. இயங்கும் கணினியின் உள்வெப்பம் ஈரத்தைத் தடுக்கிறது. எனவே கடலோரத்தில் பயன்படுத்தாத கணினியையும் அவ்வப்போது இயக்குவதும், கழற்றிய அட்டையை ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்துடன் மூடி வைப்பதும் பயன் தரும்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் உள்ளிட்ட தாமிரபரணிக் கரையூர்கள் வெள்ளத்தில் மூழ்கின. இவ்வாறு நனைந்த கணினியை உலர்ந்துவிட்டதாகக் கருதி உடனே இயக்குவதே பெரும்பாலும் அட்டையை அழிக்கிறது. அட்டையைக் கழற்றி, விசிறியையும் வெப்ப உறிஞ்சியையும் நீக்கி, காய்ச்சி வடித்த நீராலும் பின்னர் ஐசோபுரோப்பைல் ஆல்ககாலாலும் கழுவி, பல நாட்கள் நிழலில் உலர்த்திய பிறகே சோதிக்க வேண்டும். வெள்ளநீரில் மூழ்கிய மின்வழங்கியை மீண்டும் பயன்படுத்தக்கூடாது.

பழைய அட்டையை அகற்றுதல்

கழற்றப்பட்ட அட்டை இயங்கும் நிலையில் இருந்தால், தனி வரைகலை இல்லாத வேறொரு கணினிக்கோ பழுது கண்டறியும் சோதனைக்கோ பயன்படும். பழுதான அட்டை மின்கழிவு ஆகும். பழைய அட்டைகளின் பற்றாசில் ஈயம் இருக்கக்கூடும். இந்தியாவில் 2022ம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் மின்கழிவை ஒப்படைக்க வேண்டும். செம்பை எடுப்பதற்காக அட்டைகளைத் திறந்தவெளியில் எரிப்பது நச்சுப்புகையை உண்டாக்கும்.

இவற்றையும் பார்க்க

* வரைகலைச் செயலி
* தாய்ப்பலகை
* மின்வழங்கி
* பிசிஐ எக்ஸ்பிரஸ்
* மின்கழிவு

பகுப்பு: கணினி வன்பொருள்